வேலி பயிரை மேய்ந்த விந்தை



2025-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் புனே நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்த எவரும் ‘ஜி.பி.எஸ்.’ என்ற மூன்றெழுத்தை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பால் வாங்கும் இடத்திலும், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும் அதே பேச்சு. நான்கு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்த ஒருவர், பத்து நாள் கழித்துக் கால் வழங்காமல் விழுகிறார்; பிறகு கை வழங்கவில்லை; சிலருக்கு மூச்சே தடுமாறுகிறது. இதைக் கேட்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வயிற்றுக்கு வந்த நோய் காலுக்கு எப்படி இறங்கிற்று?

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவன் இக்கேள்விக்கு விடை கூறப் புகுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்நோய் என் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மருத்துவமனையின் நடைபாதையில் காத்திருந்த நாட்களில் மருத்துவர்களைக் கேட்டும், பின்னர் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை, வாகட்டிலும் ஹிஞ்ஜவடியிலும் சிஞ்ச்வட்டிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறேன். அவை முழுவதும் பயமுறுத்தும் செய்திகள் அல்ல. பயத்தைக் குறைக்கும் செய்திகளும் அவற்றில் உள்ளன.

முதலில் நடந்ததைக் கூறிவிடுகிறேன். சனவரி மாதத்தின் மூன்றாம் வாரத்தில், சிங்ககட் சாலைப் பகுதியிலிருந்து ஒரே விதமான நோயாளிகள் பல மருத்துவமனைகளுக்கு வருவதை மருத்துவர்கள் கண்டனர். கிர்கட்வாடி, நாந்தேட் கிராமம், தாயரி, கடக்வாஸ்லா ஆகிய ஊர்களே பெரும்பாலும் அவர்களுடைய இருப்பிடங்கள். இந்நோய் சாதாரணமாக ஓர் ஆண்டில் ஒரு லட்சம் மக்களில் ஓரிருவருக்கே வரக்கூடியது. அத்தகைய நோய் சில வாரங்களுக்குள் 200 பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிக்கொண்டது. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். நம் நகரிலேயே உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் நோயாளிகளின் மல மாதிரிகளைச் சோதித்தது. 1952-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழம்பெரும் ஆராய்ச்சி நிலையம் அது. அச்சோதனையில் பலருடைய மாதிரிகளில் ‘காம்பிலோபாக்டர் ஜெஜுனி’ என்னும் பாக்டீரியா காணப்பட்டது. சிலவற்றில் நோரோவைரஸ் என்னும் வேறொரு கிருமியும் இருந்தது.

இனி அந்த பாக்டீரியாவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

1886-ஆம் ஆண்டிலேயே தியோடோர் எஷெரிக் என்ற ஜெர்மன் மருத்துவர், பேதி கண்டு இறந்த குழந்தைகளின் குடலில் திருகு வடிவமான கிருமிகளைப் பூதக்கண்ணாடியின் வழியே கண்டு எழுதி வைத்தார். ஆனால் அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியவில்லை. காரணம், அக்கிருமிக்கு நாம் சுவாசிக்கும் காற்று ஒத்துக்கொள்வதில்லை. நம் காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு இருக்கிறது. அதற்கோ 5 விழுக்காடே போதும், மிஞ்சினால் செத்துவிடும். ஆகையால், 1970-களில் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் தக்க முறைகளைக் கண்டறியும் வரையில், மனிதரின் வயிற்றுப்போக்குக்கு இது எவ்வளவு பெரிய காரணம் என்பது உலகுக்குத் தெரியாமலே இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1982-ஆம் ஆண்டில், தென்னிந்தியாவில் நோயற்ற மக்களின் குடலிலும் இக்கிருமி காணப்படுவதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே, இது எங்கோ அயல்நாட்டிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்ததன்று. நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருவதுதான்.

இதன் சொந்த வீடு பறவைகளின் குடல். 42 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இது செழித்து வளரும். கோழியின் உடல் உஷ்ணமும் ஏறக்குறைய அதுவே. கோழிக்கு இதனால் பெரிதாக ஒரு தீங்கும் இல்லை. கோழியின் எச்சம் கிணற்றிலோ ஆற்றிலோ கலக்கும்போதும், சரியாக வேகாத இறைச்சியை உண்ணும்போதும், காய்ச்சாத பாலைப் பருகும்போதும் இது மனிதனிடம் வந்து சேர்கிறது. சில நோய்க்கிருமிகள் லட்சக்கணக்கில் உட்சென்றாலன்றி நோய் தருவதில்லை. இதுவோ சில நூறு கிருமிகள் உட்சென்றாலே போதும். பார்வைக்குத் தெளிந்த ஒரு குவளை நீரில் சில நூறு கிருமிகள் இருப்பதை எந்தக் கண்ணாலும் காண முடியாது.

நம் உடலோ திறந்து கிடக்கும் சத்திரம் அன்று. அதற்குப் பல மதில்கள் உண்டு. முதல் மதில் இரைப்பையின் அமிலம். பெரும்பாலான கிருமிகள் அங்கேயே மாண்டுபோகின்றன. அதைத் தப்பிக் குடலுக்குள் வருபவற்றை, குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான கோழைப் படலம் சிக்க வைத்து வெளியேற்றுகிறது. ஆனால் நம் கதாநாயகனான கிருமி திருகாணி போன்ற உடலும், சாட்டை போன்ற வாலும் படைத்தது. மற்றவை சிக்கிக்கொள்ளும் கோழையை இது திருகித் துளைத்துக்கொண்டு நீந்திச் செல்கிறது. குடற்சுவரை அடைந்ததும் அதைப் பற்றிக்கொள்ளத் தக்க புரதங்களைத் தன் மேனியில் வைத்திருக்கிறது. சுவரின் உயிரணுக்களுக்குள்ளேயும் புகுகிறது. அவற்றைச் சிதைக்கும் நஞ்சு ஒன்றையும் சுரக்கிறது.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. கிருமிகளின் வால்களை அடையாளம் கண்டு ‘எதிரி வந்தான்’ என்று எச்சரிக்கும் காவற்புரதங்கள் நம் குடலில் இருக்கின்றன. டைபாய்டு இனத்தைச் சேர்ந்த கிருமிகள் இந்தக் காவலில் அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் காம்பிலோபாக்டரின் வால் சற்று வேறு விதமாக அமைந்திருப்பதால், அந்தக் காவலுக்கு அது தெரிவதில்லை. எனினும், உடலுக்கு ஒரு காவலன் மட்டுமா உண்டு? கிருமியின் மேலுறையில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளை வேறொரு காவலன் கண்டுகொள்கிறான். உடனே அபாயச் சங்கு ஊதப்படுகிறது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் குடற்சுவருக்கு விரைந்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. அந்தப் போரின் விளைவாகவே காய்ச்சலும், வயிற்று வலியும், சில வேளை ரத்தம் கலந்த பேதியும் உண்டாகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கிருமி தோற்று ஓடிவிடுகிறது.

வெள்ளணுக்களின் இந்த உடனடிப் போர் ஒருபுறமிருக்க, உடல் இன்னொரு வேலையையும் நிதானமாகச் செய்து வருகிறது. வந்த எதிரியின் அங்க அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே பொருந்தும்படியான எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. இவை மிக நுண்ணிய புரதங்கள். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் எதிரியின் மேனியில் உள்ள ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். பொருந்தியதும், ‘இதை அழித்துவிடுக’ என்று பிற சக்திகளுக்கு அடையாளம் காட்டும். இவை போதிய அளவு உருவாக ஓரிரு வாரங்கள் ஆகும். அம்மைக்கும் போலியோவுக்கும் நாம் இட்டுக்கொண்ட தடுப்பு மருந்துகள் எல்லாம் இந்த ஆற்றலை முன்கூட்டியே தட்டி எழுப்பி வைப்பவையே. மனித குலம் இன்று உயிர் வாழ்வதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனில் மிகையாகாது.

அப்படியானால் தீங்கு எங்கே நேர்ந்தது?

இதை என் தொழிலிலிருந்து ஓர் உவமையால் விளக்க முயல்கிறேன். ஒரு பெரிய ரயில் நிலையத்தில் திருடன் ஒருவன், போர்ட்டர்கள் அணியும் சிவப்புச் சட்டையை அணிந்து, பித்தளை வில்லையையும் கையில் கட்டிக்கொண்டு புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். காவலர்கள் அவனைத் துரத்தி அடித்துவிட்டார்கள். ஆனால், ‘சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் அணிந்தவனைக் கண்டால் விடாதே’ என்ற உத்தரவு மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அதன் பிறகு என்ன ஆகும்? திருடன் போய்ப் பல நாள் ஆன பின்னரும், உண்மையான போர்ட்டர்கள் அடிபடுவார்கள். சுமை தூக்க ஆளின்றிச் சாமான்கள் பிளாட்பாரத்திலேயே கிடக்கும். நிலையம் ஸ்தம்பித்துவிடும். காவலர் மீது குற்றம் சொல்வதா? அவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். வேடம் அவர்களை ஏமாற்றிவிட்டது.

காம்பிலோபாக்டர் கிருமியின் சில வகைகள் இப்படிப்பட்ட வேடத்தைத்தான் அணிந்திருக்கின்றன. நம் நரம்புகளின் மேற்பரப்பில் ‘கேங்க்லியோசைடு’ என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. இவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற ஒரு சர்க்கரைக் கூறு அமைந்திருக்கும். அதே சியாலிக் அமிலத்தைக் கிருமி தன் மேலுறையின் நுனியிலும் பூட்டிக்கொண்டு, நரம்பின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. 1990-களில் நோபுஹிரோ யூக்கி என்ற ஜப்பானிய மருத்துவரும் அவருடன் உழைத்தவர்களும், கிருமியின் உறையில் உள்ள அமைப்பும், ‘ஜி.எம்.1’ என்னும் நரம்புப் பொருளின் அமைப்பும் ஒன்றே போல் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதே காலத்தில், வட சீனத்தில் கோடைதோறும் கிராமத்துக் குழந்தைகளை முடக்கிவந்த ஒரு நோயை ஆராய்ந்தவர்களும் இதே கிருமியின் தடத்தைக் கண்டார்கள்.

ஆகவே, குடலில் வந்த கிருமிக்கென்று உடல் தயாரித்த எதிர்ப்பொருள், கிருமி ஒழிந்த பின்னர் ரத்தத்தில் உலவி, நரம்பில் அதே வடிவத்தைக் கண்டு அங்கே பொருந்திக்கொள்கிறது. உடனே அழிக்கும் புரதங்கள் அங்கு வந்து சேர்கின்றன. நரம்பு என்பது மின்கம்பி போன்றது. அதைச் சுற்றி உறை உண்டு. உறையில் இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையின் கட்டளை அந்த இடைவெளிகளில் தாவித்தாவிச் செல்கிறது. எதிர்ப்பொருள்கள் தாக்குவது பெரும்பாலும் அந்த இடைவெளிகளையும், நரம்பு தசையைத் தொடும் முனையையுமே. கட்டளை நடுவழியில் நின்றுவிடுகிறது. கால் நன்றாகத்தான் இருக்கிறது, மூளையும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே செய்தி போகவில்லை. மிக நீண்ட நரம்புகள் பாதங்களுக்குச் செல்பவை ஆதலால், பெரும்பாலும் பலவீனம் அங்கே தொடங்கி மேல்நோக்கி ஏறுகிறது. வயிற்றுக்கும் காலுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். கிருமி காலுக்குப் போகவில்லை. கிருமியைத் தேடிக்கொண்டு நம் காவற்படைதான் அங்கே போயிற்று. ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்று நம் முன்னோர் சொன்ன பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1916-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தத்தின்போது, பிரெஞ்சு ராணுவ மருத்துவர்களான கியோன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூவர், இப்படிக் கால் சோர்ந்த இரு சிப்பாய்களைப் பரிசோதித்து எழுதினார்கள். அவர்களுள் முதலிருவர் பெயரால் நோய்க்கு ‘கியோன் பாரே’ என்ற பெயர் நிலைத்தது. ஆங்கில உச்சரிப்பில் நம் செய்தித்தாள்கள் ‘கில்லன் பாரே’ என்று எழுதின.

இங்கே ஆறுதலான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இக்கிருமியால் வயிற்றுப்போக்கு கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இந்த நரம்பு நோய் வருகிறது. எல்லாக் காம்பிலோபாக்டர் கிருமிகளும் அந்த வேடத்தை அணிவதில்லை. அணிந்தவை வந்தாலும், எல்லாருடைய உடலும் ஏமாறுவதில்லை. மேலும் இந்நோய் ஒருவரைத் தொட்டால் மற்றவருக்கு ஒட்டிக்கொள்வது அன்று. இதை அறியாமல், நோயாளியின் வீட்டுப் படியேற அஞ்சியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி என் குடும்பத்தில் நடந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

என் மனைவியின் தம்பி, 26 வயது இளைஞன், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, தாயரியில் நண்பர்களுடன் ஓர் அறையில் தங்கியிருந்தான். பொங்கலன்று வாகட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், வயிறு சரியில்லை என்று சர்க்கரைப் பொங்கலைக்கூடத் தொடவில்லை. அவன் அக்காள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மூன்று நாளில் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டான். குடியரசு நாளுக்கு முந்திய நாள் மாலையில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. “அத்தான், காலையிலிருந்து பாதம் இரண்டும் மரத்துப்போனதுபோல் இருக்கிறது. இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை” என்றான். செய்தித்தாள்களில் நோயைப் பற்றிப் படித்திருந்தபடியால், அன்றிரவே அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் முழங்காலின் கீழ் சிறு சுத்தியலால் தட்டினார். சாதாரணமாகத் துள்ள வேண்டிய கால் அசையவே இல்லை.

அந்த மருத்துவர் செய்த இன்னொரு சோதனையை என்னால் மறக்க இயலாது. “ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, எண்ணு பார்க்கலாம்” என்றார். அவன் தமிழில் ஒன்று, இரண்டு என்று தொடங்கி முப்பத்திரண்டு வரை எண்ணினான். கருவி எதுவுமின்றி மூச்சுத் தசைகளின் வலிமையை அறிய இது ஒரு வழியாம். மறுநாள் காலை இருபத்து நான்கு, மாலை பதினெட்டு. மராட்டிய நர்ஸ் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அவர் தம் விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பதினொன்றோடு மூச்சு நின்றது. அன்றே அவனுக்குச் சுவாசக் கருவி பொருத்தினார்கள். இந்நோய் கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு இப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் சொன்னார். முன்பே கவனித்து, உரிய நேரத்தில் கருவி பொருத்தினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர் என்றும் தைரியம் கூறினார்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? கிருமியைக் கொல்லும் மருந்து இப்போது பெரும்பயன் தராது. கிருமி முன்னரே போய்விட்டது. ஸ்டீராய்டு மருந்துகளும் இந்நோய்க்கு உதவுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒரு சிகிச்சை, ரத்தத்தின் நீர்ப்பகுதியை வெளியே எடுத்து, எதிர்ப்பொருள்களை நீக்குவது. இன்னொன்று, ‘இம்யூனோகுளோபுலின்’ என்னும் மருந்தை ஐந்து நாட்கள் ரத்தக் குழாயில் ஏற்றுவது. இரண்டும் ஒரே அளவு பயன் தருபவை. இந்த இரண்டாவது மருந்து எந்தத் தொழிற்சாலையிலும் ரசாயனங்களைக் கலந்து செய்யப்படுவதன்று. ஆயிரக்கணக்கான மனிதர்கள் கொடுத்த ரத்த நீரிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களே அவை. நல்ல எதிர்ப்பொருள்கள் வெள்ளமாக வந்து, வழி தவறிய எதிர்ப்பொருள்களின் வேகத்தை அடக்குகின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் வீதம் ஏற்ற வேண்டும். 65 கிலோ எடையுள்ள அவனுக்கு 130 கிராம் தேவைப்பட்டது. யார் யாரோ, எந்த ஊரினரோ, எந்த மொழியினரோ கொடுத்த ரத்தத்தின் சாரம் எங்கள் பிள்ளையின் உடலில் ஏறியது.

அம்மருந்தின் விலை நம்மைப் போன்றோர் தாங்கக்கூடியதன்று. ஒரு குப்பியே இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. புனே மாநகராட்சி எல்லையினருக்குக் கமலா நேரு மருத்துவமனையிலும், பிம்ப்ரி-சிஞ்ச்வட் எல்லையினருக்கு யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனையிலும் இலவசச் சிகிச்சை கிடைக்கும் என்று அரசு அறிவித்தது பலருக்குப் பேருதவியாக இருந்தது. அதற்குள் அவனுக்கு வேறிடத்தில் மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டபடியால், என் சேமநிதிக் கடனும், மாமியாரின் இரட்டைவடச் சங்கிலியும் அந்த ஐந்து நாளில் கரைந்தன. என் அலுவலகத் தோழர்கள் தாமாகவே ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். நம் சங்கத்துத் தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு இரு வேளையும் உணவு அனுப்பினார்கள். அந்த நன்றியை எழுத்தில் அடைக்க இயலாது.

பதினோராம் நாள் சுவாசக் கருவியை எடுத்தார்கள். பிப்ரவரி இறுதியில் சக்கர நாற்காலியில் வீடு வந்தான். நரம்பு மீண்டும் வளர்வது மிக மெதுவான காரியம். எங்கள் கூடத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் நடை பழகியதை, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த என் இளைய மகள் வேடிக்கை பார்த்துச் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். ஆறு மாதத்தில் கைத்தடியின்றி நடந்தான். இந்நோய் கண்டவர்களில் ஐந்தில் நால்வர் அந்த அளவு காலத்தில் தாமாகவே நடக்கும் நிலைக்கு வருகின்றனராம். இன்று வேலைக்குச் செல்கிறான். ஆயினும் வலப்பாதத்தின் நுனி இன்னும் சற்றுத் தொங்குகிறது. செருப்பு சில வேளை அவனறியாமலே கழன்றுவிடுகிறது.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். உடலின் காவற்படையை நாம் திருத்த முடியாது. இக்கிருமிக்கு மனிதருக்கான தடுப்பூசியும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. கிருமியின் வேடத்தைக் காட்டி உடலைப் பழக்கினால், அப்பழக்கமே நரம்பைத் தாக்கத் தூண்டிவிடக் கூடாதே என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். ஆகையால் திருடன் நுழையும் வாயிலை அடைப்பதே நம் கையில் உள்ள வழி. அந்த வாயில் தண்ணீரும் உணவுமே.

நோய் மிகுந்திருந்த ஊர்களில் கிர்கட்வாடியும் நாந்தேடும் 2021-ஆம் ஆண்டில்தான் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டவை. வீடுகள் அடுக்கடுக்காக எழுந்த வேகத்தில், நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஏற்பாடுகள் எழவில்லை. கிணற்று நீரும், தனியார் விற்கும் ‘ஆர்.ஓ.’ நீருமே பலருக்குக் கதியாயின. நோய் பரவிய பின்னர் சோதித்தபோது, பல தனியார் நீர் நிலையங்களின் நீரில் மலக் கலப்பைக் காட்டும் கிருமிகள் இருந்தன. சுமார் 30 நிலையங்களை மாநகராட்சி மூடி முத்திரையிட்டது. வடிகட்டும் கருவி நல்லதே ஆயினும், அதிலிருந்து வரும் நீரில் குளோரின் எஞ்சி நிற்பதில்லை. பிறகு அழுக்கான தொட்டியிலோ கேனிலோ அதை நிரப்பினால், கிருமி மீண்டும் குடியேறிவிடும்.

நம் வாகட் பகுதிக்கும் இது தூரத்துச் செய்தி அன்று. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் விடத் தொடங்கியதிலிருந்து, டாங்கர் லாரியை நம்பாத குடியிருப்பு இங்கே குறைவு. அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்க வேண்டும். குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் மராட்டி சரளமாக வராது என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடாமல், கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் கடைசியாக எப்போது கழுவப்பட்டன, நீரில் குளோரின் சோதிக்கப்படுகிறதா என்று நம்மவர்கள் கேட்க வேண்டும். தெரிந்த இந்தியில் கேட்டாலும் போதும்.

வீட்டில் இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நாம் காப்பியையும் ரசத்தையும் கொதிக்க வைக்கிறோம்; இட்லியை ஆவியில் வேக வைக்கிறோம். இவற்றில் கிருமி பிழைக்காது. ஆனால் தேங்காய்ச் சட்னியை எந்த நீர் விட்டு அரைக்கிறோம்? நீர்மோரில் எந்த நீரைச் சேர்க்கிறோம்? பெரும்பாலும் குழாய் நீரைத்தான். இட்லி வெந்தது, சட்னி வேகாதது. ஆகவே, குடிப்பதற்கு மட்டுமன்றி, சட்னிக்கும், மோருக்கும், கொத்துமல்லி கழுவுவதற்கும் காய்ச்சி ஆறிய நீரையே வைத்துக்கொள்ளுங்கள். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆனால் இக்கிருமி மடிந்துவிடும். புலால் உண்பவர்கள், பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்கக் கழுவ வேண்டாம். தெறிக்கும் துளிகள் அருகிலுள்ள பாத்திரங்களில் படியும். கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தையும் தக்காளியையும் நறுக்கவும் வேண்டாம். தனித்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து போன மூன்று நான்கு வாரங்களுக்குள், இரு பாதங்களும் மரத்துப்போதல், படியேறத் தடுமாறுதல், கையிலிருந்து பொருள் நழுவுதல், முகத்தில் ஒரு தளர்ச்சி, விழுங்குவதில் சிரமம் ஆகிய எது தோன்றினாலும், ‘உடம்பு அசதி, இரண்டு நாள் படுத்தால் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் இதற்குப் பயன்படாது. அன்றைக்கே நரம்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் எங்கே செல்வது என்று திகைப்பவர்கள் நம் சங்க அன்பர்களில் எவரையாவது எழுப்பலாம். எழுப்பியதற்காக ஒருவரும் வருந்த மாட்டார்கள். உங்களில் நலமுள்ளோர், ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த தானம் செய்யுங்கள். அதன் சாரம் எவருடைய பிள்ளையின் மூச்சைக் காக்கும் என்பதை நாம் அறிய மாட்டோம்; ஆனால் காக்கும் என்பதை நான் அறிவேன்.